சிகரெட் வான் மகேந்திரராஜா

இன்றைக்கு ஹோம்புஷ் ஸ்டேஷனில் இறங்கினால் தோசை மணக்கிறது. நான் இந்தச் சிட்னியில் காலூன்றிய நாட்களில், தமிழ் கேட்க ஆசை வந்தால் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று நானே பேசவேண்டும். அப்படியொரு காலம் இருந்தது என்று சொன்னால் இப்போது வந்த என்ஜினியர்மாரும் டொக்டர்மாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கப்பல் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு வந்து இறங்கியவன். ஒருவனிடமும் கைநீட்டாமல் மூன்று கடைக்குச் சொந்தக்காரன் ஆனேன். மெரிலேண்ட்ஸில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என் கையால் மில்க்ஷேக் குடித்து வளர்ந்தார்கள். கேதீஸ்வரன் என்ற பெயரை அவர்கள் ‘கீத்’ ஆக்கினார்கள். பெயர் எப்படிப் போனாலும் கடை நின்றது.

சங்கத்து மலருக்கு எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது என் கதையைத்தான் எதிர்பார்த்தார்கள். என் கதையை நான் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்க ஆட்களும் இருக்கிறார்கள். மகேந்திரராஜாவின் கதையைச் சொல்ல என்னை விட்டால் இப்போது ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எழுபத்தைந்தாம் ஆண்டு. என் முதல் கடையைத் திறந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை, கடை வாசலில் சிகரெட் கொம்பனி வான் வந்து நின்றது. மெரூன் நிறக் கோட், நன்றாகத் தீட்டிய சப்பாத்து, மெல்லிய மீசை. உள்ளே வந்தவன் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லிப் பெட்டிகளை இறக்கினான். நான் அவனை ஏதோ தென்னமெரிக்காக்காரன் என்று நினைத்தேன். அவன் கல்லாவுக்கு மேலே தொங்கிய முருகன் படத்தைப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

“அண்ணை ஊரிலை எவடம்?”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. “காரைநகர். நீர்?”

“புங்குடுதீவு. பேர் மகேந்திரராஜா.”

“அப்ப இந்தக் கோட்டு?”

“அது கொம்பனிக்காரன்ரை. உள்ளுக்கை நான்தான்.”

அன்று அவன் வேறு எந்தக் கடைக்கும் போகவில்லை. என் மனைவி யோகா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். அவன் கோப்பையை வாயில் படாமல் தூக்கி, அண்ணாந்து, சூட்டோடு விட்டுக் குடித்தான். தேத்தண்ணியை அப்படிக் குடிக்கிறவனை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கப்பலில் பத்து வருடம் இருந்தவன், பத்து வருடமும் தனக்கென்று ஒரு கோப்பையைப் பூட்டி வைத்திருந்தானாம். எச்சில் என்றால் அவனுக்கு அப்படி ஒரு கூச்சம். நான் அப்படி இல்லை. பசியோடு வளர்ந்தவனுக்கு எச்சில் ஏது!

அவன் கப்பல் பனாமாக் கொடி கட்டிய சரக்குக் கப்பல். அதில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்களோடு கப்பல் ஓடி ஓடி அந்த மொழி இவனுக்கு ஊர்ப் பேச்சு மாதிரி வாயில் ஏறிவிட்டது. கரையேறிய பிறகு செவன் ஹில்ஸில் சிகரெட் கொம்பனியின் ஸ்டோரில் பெட்டி தூக்கினான். ஒருநாள் உருகுவே நாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியோடு ஸ்பானிஷில் பகிடி விட்டுக்கொண்டு நின்றதை மனேஜர் கண்டுவிட்டார். அடுத்த கிழமை கூப்பிட்டுக் கோட்டும் வானை ஓட்டத் திறப்பும் கொடுத்தார்.

காரணம் இருந்தது. ரீவியிலும் வானொலியிலும் வரும் சிகரெட் விளம்பரத்தைப் படிப்படியாக நிறுத்தும்படி அரசாங்கம் சொல்லியிருந்தது. எழுபத்தாறு செப்டெம்பரோடு அது முற்றாக நின்றது. கொம்பனிகள் வேறு வாசல் தேடின. அந்த நேரம்தான் சிலியிலிருந்தும் உருகுவேயிலிருந்தும் ஆர்ஜென்டினாவிலிருந்தும் சனம் குடும்பம் குடும்பமாக வந்து ஃபெயார்ஃபீல்ட் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பகலில் தொழிற்சாலை, மாலையில் யன்னல் ஓரம். ஆங்கிலம் இல்லை. ஆங்கிலப் பேப்பரில் போட்ட விளம்பரம் அவர்களைத் தொடாது.

மனேஜர் சொன்னதை ராஜா எனக்கு நடித்தே காட்டுவான். நெஞ்சை நிமிர்த்தி, பெல்டைப் பிடித்துக்கொண்டு.

“உன்னைப் பாத்தால் அவங்கடை ஆள் மாதிரி இருக்கு. அவங்கடை பாஷையும் வருது. பிறகென்ன?”

“நான் சிலோன்காரன், சேர்.”

“அவங்கள் கேட்டால் சொல்லு. கேளாட்டில் நீயாச் சொல்லாதை.”

அந்த மனேஜர் கெட்டிக்காரர்தான். ஒன்று சொன்னாராம், அது எனக்கு இன்றும் மறக்கவில்லை. வீட்டை விட்டு வந்த ஆளுக்குக் கை சும்மா இருந்தால் தாங்காது, அந்தக் கையிலே எங்கள் பெட்டியை வை என்று. நானும் வியாபாரிதான். ஆனால் ஆளின் கையைப் பார்த்து வியாபாரம் செய்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

என்னென்ன செய்தார்கள் தெரியுமா? அரசாங்கம் குடியேறிகளைத் தங்கவைக்கும் ஹொஸ்டலில் புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு, பெட்டியை அவிழ்க்க முன்னமே, ஸ்பானிஷில் நல்வரவு எழுதிய ஒரு சின்னப் பொதி. அதற்குள் பேனை, நெருப்புப்பெட்டி, சிகரெட். சுவரில் மாட்ட ஒரு கலண்டர். படம் உருகுவேயின் மொன்டெவிடியோத் துறைமுகம். தங்கள் ஊர்ப் படத்தை யார் கழற்றுவார்கள்? ‘நம் மண்ணின் சுவை’ என்று கீழே அச்சடித்திருக்கும். அந்தச் சிகரெட் சுற்றியது இங்கே, சிட்னியில். உருகுவேக்காரர் ஒரு சின்னக் கால்பந்துக் கழகம் வைத்திருந்தார்கள். அதற்குச் சேர்ட்டும் வெற்றிக் கிண்ணமும் கொடுத்தார்கள். சேர்ட்டின் நெஞ்சில் சிகரெட் பெட்டியின் சின்னம். நடனம் என்றால் இசைத்தட்டுக் கருவி கொம்பனியின் வானில் போகும். பெண்களுக்கு மெலிந்த சிகரெட், தனிப் பெட்டி. இதற்கெல்லாம் முகம் மகேந்திரராஜா.

அதோடு கொம்பனி அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. ஒருவன் முதலில் ‘வேண்டாம்’ என்றால் அதை ஏற்கக்கூடாது. சிரித்துக்கொண்டு திரும்பக் கேட்க வேண்டும். அதற்கும் வேண்டாம் என்றால் பெட்டியைத் தட்டி ஒரு சிகரெட்டை வெளியே தள்ளி, மூக்குக்கு முன்னால் நீட்டி, மூன்றாம் தரமும் கேட்க வேண்டும்.

“இதைப் படிப்பிக்க எனக்கு ஒரு மனேஜர் வேணுமோ, அண்ணை?” என்று அவன் சிரித்தான். “எங்கடை வீடுகளிலை சோறு போடுறது எப்பிடி? வேண்டாம் எண்டவன்ரை இலையிலைதானே முதல் அகப்பை விழும்.”

சோறு போடுகிற மாதிரியே அவன் சிகரெட் போட்டான். அதனால்தான் அந்தப் பகுதியில் அவன் விற்றதை வேறு ஒருவனும் விற்கவில்லை. அவன் ஒருநாளும் சிகரெட்டை வாயில் வைத்துப் பத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்பானிஷில் ‘ஜா’ என்ற எழுத்தை ‘ஹா’ என்றுதான் சொல்வார்களாம். ராஜா அவர்களுக்கு ராஹா ஆனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தாட்டம் முடிந்ததும் ஃபெயார்ஃபீல்டில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் எல்லாரும் வட்டமாகக் கதிரை போட்டு உட்காருவார்கள். கழகத்தின் செயலாளர் எக்தோர், நல்ல தடித்த ஆள், வெல்டிங் வேலை. அவர் மனைவி நெலி. இவளிடம்தான் மாத்தே ஊற்றுகிற பொறுப்பு.

மாத்தே என்றால் ஒரு கசப்பு இலைத் தண்ணீர். உள்ளங்கையில் அடங்குகிற சுரைக்குடுக்கை ஒன்றில் இலைத்தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குள் ஒரு உலோகக் குழல். ஒருவர் உறிஞ்சிக் குடித்து முடித்துக் கொடுக்க, நெலி திரும்ப ஊற்றி அடுத்தவருக்குக் கொடுப்பாள். வட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் குடுக்கை ஒன்று, குழல் ஒன்று. அதுதான் அவர்களுக்கு அழகு.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ராஜா என் கடையில் வந்து சொன்னான்.

“என்னட்டை நீட்டினவ, அண்ணை. நான் வேண்டாம் எண்டன்.”

“எச்சில் எண்டோ?”

“எச்சிலும்தான். ஆனால் உடனை வாங்கிக் குடிக்கிறதோ? முதல் தரம் போன ஆள்! திரும்பக் கேப்பா எண்டு இருந்தன்.”

“கேட்டவவோ?”

“இல்லை. சரி எண்டு போட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்திட்டா.” பெட்டிகளை எண்ணி அடுக்கினான். “ஒருக்காக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தால் குடிச்சிருப்பீரோ?”

“அந்தக் குழலிலையோ? சீ!” என்றான். பிறகு, “தெரியாது,” என்றான்.

அங்கே ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற சனம். அதை அவனும் விளங்கிக்கொண்டான். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் குடுக்கை அவனிடம் வருகிறபோது கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சங்கடப்பட்டான். அதனால் ஒரு வழி பிடித்தான். குடுக்கை அவனுக்குப் பக்கத்து ஆளிடம் வந்ததும் கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சிகரெட் பெட்டியை எடுத்து எழும்பிவிடுவான். வட்டம் முழுக்கச் சுற்றி, மூன்று தரம் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வருவான். அவன் உட்காருகிறபோது குடுக்கை அவனைத் தாண்டிப் போயிருக்கும்.

கொம்பனிக்கு இது நல்ல லாபம். முதலில் கைகாட்டி மறுத்தவர்கள் எல்லாரும் பிறகு பிறகு வாங்கினார்கள். நெலியும் வாங்கினாள். அதற்கு முன் அவள் பத்தியதில்லை.

ஆனால் ராஜா அங்கே போனது கொம்பனிக்காக மட்டும் அல்ல. மெரிலேண்ட்ஸில் ஒரு மால்ட்டாக்காரியின் வீட்டுப் பின்னறையில் அவன் இருந்தான். ஒருமுறை காய்ச்சல் என்று கேட்டு ரசம் கொண்டு போனேன். ஒரு கட்டில், ஒரு கோப்பை, ஒரு கோப்பி நிறப் போர்வை. சுவரில் அந்த மொன்டெவிடியோக் கலண்டர். அவன் வாழ்நாளில் மொன்டெவிடியோவில் இறங்கியதே இல்லை. வானொலி ஸ்பானிஷில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

“தமிழிலை ஒண்டும் வராதே, அண்ணை. விளங்கிற பாஷையிலை ஆராவது கதைச்சால் காணும்,” என்றான்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் பேசினார்கள், கடலில் நிற்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பது என்று போயிற்று. எங்கள் வீட்டுக்கு வாரத்தில் ஒருநாள் சாப்பிட வருவான்.

“காணும், அண்ணி.”

“என்ன காணும்? கோழி கொறிச்ச மாதிரி. இந்தாங்கோ.”

“ஐயோ, வேண்டாம் அண்ணி.”

“வாயை மூடிக்கொண்டு கையை எடுங்கோ பாப்பம்.”

கையை எடுப்பான். சாப்பிடுவான். முகம் மலர்ந்திருக்கும். ஆனால் எனக்கு ஏழு நாளும் கடை. நான் இன்றைக்கு இருக்கிற நிலைக்குச் சும்மா வரவில்லை. அவனோடு இருந்து கதை பேச எனக்கு நேரம் ஏது? எங்களுக்கு நாங்கள் இருந்தோம், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. எங்கள் இரண்டு முகங்கள் அவனுக்குப் போதவில்லை. ஒரு கூட்டம் வேண்டும், உள்ளே நுழையும்போது நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திங்கள் முதல் சனி வரை அவன் அதை வைத்துத்தான் ஓட்டினான்.

எழுபத்தேழு கடைசியில், ஒரு வியாழக்கிழமை, ராஜா நடந்து வந்தான். கோட் இல்லை. வான் இல்லை.

“என்ன, வானைத் துலைச்சுப் போட்டீரோ?”

“வாங்கிப் போட்டாங்கள்.”

ஸ்பானிஷ்காரரிடம் போகிற அந்தச் சுற்றையே நிறுத்திவிட்டார்களாம். மனேஜர் தோளில் தட்டி, நல்ல வேலை செய்தாய், இனி அவர்கள் தாங்களே கடையில் வாங்குவார்கள், நாங்கள் கொடுக்கத் தேவையில்லை என்று சொன்னாராம். விளையாட்டுக்கு வைத்த பணம் இனிப் பெரிய கழகங்களுக்கு. ராஜா திரும்பவும் செவன் ஹில்ஸ் ஸ்டோருக்கு, பெட்டி தூக்க.

“சம்பளம் குறைச்சோ?” என்று கேட்டேன். வியாபாரிக்கு முதலில் வருகிற கேள்வி அது.

“அதை விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் போறதோ, விடுறதோ?”

“போறதுக்கென்ன? என்ரை கடையிலை ரண்டு கார்ட்டன் எடுத்துக்கொண்டு போம். காசு வேண்டாம்.”

அவன் தலையாட்டினான். “இல்லை. கொண்டுபோனால் பிறகு ஒருநாளும் தெரியவராது.”

“என்ன தெரியவராது?”

“இவ்வளவு நாளும் அவை கூப்பிட்டது என்னையோ பெட்டியையோ எண்டு.” கண்ணாடி ஜாடிக்குள் இருந்த இனிப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வெறுங்கையோடை போகப்போறன், அண்ணை. போய் அந்தக் குழலிலை வாய் வைச்சுக் குடிக்கப்போறன். எல்லாரையும் மாதிரி.”

உள்ளிருந்து யோகா கேட்டுக்கொண்டிருந்தாள். “கடவுளே! தேத்தண்ணிக் கோப்பையிலையே வாய் வைக்காத மனுசன்!”

“பழகிப் பாப்பம்,” என்றேன். எனக்கு எந்த வேலையையும் தள்ளிப் போடுகிற பழக்கம் இல்லை. ஒரு வெனிலா மில்க்ஷேக் அடித்தேன். குழலைப் போட்டு, அவன் பார்க்கவே நான் இரண்டு உறிஞ்சு உறிஞ்சினேன். அப்படியே நீட்டினேன்.

“குடியும்.”

“குழலைத் திருப்பிப் போடட்டே?”

“திருப்பினால் அது வேற குழல். குடியும்!”

கண்ணை இறுக்கி மூடினான். விளக்கெண்ணெய் குடிக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாயை வைத்தான். நிறுத்தவில்லை. அடியில் கர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினான். யோகா கைதட்டினாள்.

“சாகேல்லைத்தானே?” என்றேன்.

“இனிப்பாத்தான் கிடக்கு,” என்றான். வாயைத் துடைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையை யோகாவிடம் விட்டுவிட்டு, என் ஹோல்டன் காரில் அவனை நானே ஏற்றிப் போனேன். சொந்தக் காசில் வாங்கிய கார், அதையும் சொல்லிவைக்கிறேன். அவன் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தான். கோட் இல்லாத ராஜாவின் தோள் சின்னதாகத் தெரிந்தது. வழியில் ஒருமுறை, “அவை குடிக்கச் சொல்லித் தந்தால் ரண்டு கையாலும் வாங்க வேணுமோ?” என்று கேட்டான்.

மண்டபத்துச் சுவரில் கொம்பனியின் துணிப் பதாகை இன்னும் தொங்கியது. பையன்கள் அந்தச் சின்னம் போட்ட சேர்ட்டோடு வியர்த்துக்கொண்டு நின்றார்கள். தோற்றுவிட்டார்கள் போல, எல்லாரும் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எக்தோர் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து ராஜாவைக் கட்டிப்பிடித்தார். “ராஹா! ராஹா!” என்று நாலு பக்கத்திலும் சத்தம். ஒருவன் தன் கதிரையை எழும்பிக் கொடுத்தான். எனக்கும் ஒன்று வந்தது. நான் ராஜாவைப் பார்த்தேன். கடையில் முருகன் படத்தைக் கண்ட அன்றைய முகம்.

நெலி சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் இடுக்கிக்கொண்டு ஊற்றத் தொடங்கினாள். மறுகையில் சிகரெட். குடுக்கை ஒவ்வொருவராக வந்தது. புதிய ஆள் என்று எனக்கு நீட்டினாள். நான் ஒரே மூச்சில் உறிஞ்சினேன். வேப்பிலைக் கசாயம் தோற்றுப்போகும். ஆனாலும் முகம் சுழிக்காமல் கொடுத்தேன். எல்லாரும் மகிழ்ச்சியாகக் கத்தினார்கள். அடுத்தது ராஜா.

நெலி ஊற்றினாள். ஆனால் அவனிடம் நீட்டவில்லை. மடியில் வைத்தபடியே, தலையைச் சாய்த்து, சிரித்துக்கொண்டு கேட்டாள். அந்த அளவு ஸ்பானிஷ் எனக்கும் விளங்கியது: ராஹா, உனக்கு?

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுடைய வலது கை முழங்காலை விட்டு எழும்பிவிட்டது. வாய் சொல்லிற்று, “நோ, நோ.”

ஏன் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாற்பது வருடம் ஊறிய வாய் அது. முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்று சொல்ல அதற்கு வராது.

நெலி தலையாட்டினாள். “எனக்குத் தெரியும், நீ குடிக்கமாட்டாய்,” என்கிற மாதிரி அன்பாகக் கண்ணைச் சிமிட்டினாள். குடுக்கை அவனுக்கு அப்பால் இருந்த கிழவனுக்குப் போயிற்று.

நான் முழங்கையால் இடித்தேன். “கேளுமப்பா! தாங்கோ எண்டு கேளும்!”

“பொறுங்கோ,” என்றான் உதடு அசையாமல். “திரும்பக் கேப்பா.”

குடுக்கை வட்டத்தைச் சுற்றித் திரும்ப வந்தது. எனக்குத் தந்தாள். நான் குடித்தேன். பிறகு ராஜா. இந்த முறை நெலி அவனைக் கேட்கவே இல்லை. மரியாதை தெரிந்த பெண். வேண்டாம் என்ற மனிதனைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, அவனைப் பார்த்து ஒரு புன்னகை மட்டும் வைத்துவிட்டுக் கிழவனுக்கு ஊற்றினாள். ராஜாவின் இரண்டு கைகளும் மடியில் பிணைந்து கிடந்தன.

அப்போது எக்தோர் தன் நெஞ்சில் தட்டிக்காட்டி ஏதோ கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கோட் எங்கே, சிகரெட் எங்கே என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ராஜா எழும்பி, காற்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். கொம்பனி நிறுத்திவிட்டது, இனி வராது என்று சொன்னான். சிரிப்பு நின்றது. ஒருவன் பதாகையைப் பார்த்தான். இன்னொருவன் வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தான்.

எக்தோர்தான் எழும்பினார். ராஜாவின் தோளில் கையைப் போட்டு, நீ எத்தனை நாள் எங்களுக்குத் தந்தாய் என்றார். இதை அவர் எனக்காக ஆங்கிலத்திலும் ஒருதரம் சொன்னார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதே சிகரெட், காசு கொடுத்துக் கடையில் வாங்கியது. ராஜாவிடம் நீட்டினார்.

“நோ,” என்றான் ராஜா.

எக்தோர் கையை எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டு திரும்ப நீட்டினார். ராஜா தலையாட்டினான். எக்தோர் பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சிகரெட் அரை அங்குலம் வெளியே வந்தது. அதை அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தார். வட்டம் முழுவதும் ஒரே குரலில் ஒரு வசனத்தைச் சொல்லிக் கைதட்டியது. அது ராஜா அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கொடுத்த வசனம் என்று பிறகு தெரிந்தது: ஒன்றே ஒன்று, நண்பா, எனக்காக.

ராஜா எடுத்தான். நெலி போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து நெருப்பு வைத்தாள். முதல் இழுப்பிலேயே இருமல் அவனைப் பிய்த்து எடுத்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதுகில் தட்டினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், தனிக் கிளாசில். நெலி அதைத் துடைத்துத்தான் கொடுத்தாள். அவர்களுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ராஹா தங்களில் ஒருவன் ஆகிவிட்டான் என்றே நினைத்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வருகிறபோது ரயில் கடவை பூட்டியிருந்தது. காரை நிறுத்தினேன்.

“வெறுங்கையோடை போயும் கதிரை இருந்துதுதானே?” என்றேன்.

“இருந்துது.”

“பிறகென்ன?”

“சிகரெட்டை மூண்டு தரம் கேட்டாங்கள், அண்ணை.”

“ஓம், கண்டனான்.”

“அது நான் பழக்கினது,” என்றான். “மாத்தேயைக் கேக்க ஆர் பழக்குறது?”

ரயில் போய் முடிந்தும் நான் காரை எடுக்காமல் இருந்திருக்கிறேன், பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

அடுத்த சனிக்கிழமை ராஜா கடைக்கு வந்தான். இரண்டு பெட்டி கேட்டான்.

“ஆருக்கு?”

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லே.”

“எட, விசரா. வாயைத் திறந்து ‘எனக்கும் ஒரு வாய் தா’ எண்டு கேட்டால் முடிஞ்சுது. அதுக்கு இது ஏன்?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் அநாகரிகமானவன். “கேட்டு வாங்கிக் குடிக்கிறதோ?”

பெட்டிகளைக் கொடுத்தேன். நான் கடைக்காரன். அதன் பிறகு ஒவ்வொரு சனியும் வந்தான். முதலில் மற்றவர்களுக்குக் கொடுக்க, பிறகு தனக்கும். பிறகு கிழமை நாட்களிலும் வந்தான். யோகா ஏசினாள், “எங்கடை வீட்டிலை மணக்கப்படாது,” என்று. முற்றத்தில் நின்று பத்திவிட்டுத்தான் சாப்பிட உள்ளே வருவான். அந்த மண்டபத்தில் அவன் மாத்தே குடித்ததாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த வருடம் கழகம் இரண்டாக உடைந்தது. எக்தோரும் நெலியும் வேலை தேடி வேறு பக்கம் போனார்கள். மண்டபத்தை வேறு யாரோ எடுத்தார்கள்.

எழுபத்தொன்பதில் ராஜா மெல்பேர்ணுக்குப் போனான். அங்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை. அந்த வருடம் ஆடிப்பிறப்பு அன்று நானே செலவழித்து அவனுக்குப் போன் எடுத்தேன். அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி கூப்பிட்டு அவன் வர நேரம் எடுத்தது. மூச்சு வாங்கியது கேட்டது.

“எப்பிடி இருக்கிறீர்?”

“இருக்கிறன், அண்ணை. குளிர்.”

“அங்கை ஆராவது எங்கடை ஆக்கள்?”

“இருப்பினம். நான் காணேல்லை.”

“ஸ்பானிஷ்காரர்?”

“அவையும் இருப்பினம்.” இருமினான். “ஆனால் இஞ்சை ட்ராம் ஸ்ரொப்பிலை நிண்டு பத்தினால், ஆராவது பக்கத்திலை வந்து நெருப்புக் கேப்பினம். குடுத்தால் அதிலை நிண்டு ரண்டு கதை கதைப்பினம். மழை எண்டும், ட்ராம் பிந்திப்போச்செண்டும்.”

“அதுக்கு?”

“அதுக்கு ரண்டு ட்ராமை விட்டுப்போட்டு மூண்டாவதிலைதான் ஏறுறனான்,” என்றான்.